மேட்டாங்காட்டுக் கேரவன்

பிப்ரவரி 3, திங்கள்

தினமும் நாலு வரி எழுதச் சொல்லியிருக்கிறார் வக்கீல். தேதி போட்டு, இன்று இங்கேதான் இருந்தேன் என்று. கோர்ட்டில் காட்ட உதவுமாம். அதற்காக என் வீட்டுக்காரர் ஒரு உரக்கடை டைரி கொண்டுவந்து கொடுத்தார். அட்டையில் பெரிய தக்காளி.

ஆகவே, பொள்ளாச்சி நடராசுவின் மனைவி வசந்தாமணியாகிய நான், இன்று காலை முதல் கரட்டுப்பாளையம் மேட்டாங்காட்டில், கேரவன் வண்டிக்குள் குடியிருக்கிறேன். கோர்ட்டுக்கு இது போதும் என்று நினைக்கிறேன். ஆனால் பக்கம் காலியாக இருக்கிறது, பேசவும் ஆளில்லை.

விஷயம் இதுதான். மாமனார் போனபிறகு இவருக்கும் இவர் தம்பி ஆறுச்சாமிக்கும் நிலத் தகராறு. கிணறும் அதை ஒட்டிய சாளை வீடும் சின்னவனுக்கு, மேட்டாங்காடு மூன்று ஏக்கரும் பெரியவனுக்கு என்று அப்பா வாயாலேயே பிரித்துவிட்டார் என்பது இவர் கட்சி. அப்படி ஒன்றும் பிரிக்கவில்லை, பொள்ளாச்சி வீட்டை அண்ணன் எழுதி வாங்கிக்கொண்டபோதே எல்லாம் முடிந்தது என்பது கொழுந்தனார் கட்சி. தீர்ப்பு வரும்வரை இருப்பது இருக்கிறபடி இருக்கட்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது. கட்டடம் கட்டக் கூடாது, போர்வெல் போடக் கூடாது, கரண்ட் இழுக்கக் கூடாது, குழாய் பதிக்கக் கூடாது. ஆள் இருக்கக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. யார் கையில் நிலம் இருக்கிறதோ அவர் பக்கம் பலம் என்றார் வக்கீல். ஒரு ராத்திரி காலியாகக் கிடந்தால் போதும், விடிவதற்குள் தம்பி வேலி போட்டுவிடுவான் என்றும் சொன்னார்.

சக்கரம் வைத்தது கட்டடம் ஆகாது. அதனால் இந்த வண்டி. முன்பு ஷூட்டிங்குக்கு வாடகைக்குப் போன கேரவன், நடிகைகள் மேக்கப் போட்டுக்கொண்டது. எஞ்சின் எப்போதோ செத்துவிட்டது. டிராக்டரில் கட்டி இழுத்து வந்து வேப்ப மரத்தடியில் நிறுத்தினார்கள். உள்ளே ஒரு கட்டில், ஒரு கக்கூஸ், குட்டி சமையல் மேடை, ஆள் உயரக் கண்ணாடி. கண்ணாடியைச் சுற்றி உருண்டை பல்புகள். ஒன்றும் எரியாது. கூரையில் இருக்கும் சோலார் பலகை ஒரு விளக்குக்கும் ஒரு விசிறிக்கும்தான் ஆகும்.

பைப்புக் கடையை விட்டுவிட்டு இவரால் வர முடியாது. எனக்குக் கடை இல்லை. ஆகையால் நான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இங்கேதான் இருந்தேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

தண்ணீர் பற்றி எழுத வேண்டும். மற்றதெல்லாம் சமாளித்துவிடலாம்.

வண்டிக்கு அடியில் ஒரு தொட்டி இருக்கிறது. அதை நிரப்பும் வாய் என் தோள் உயரத்தில், வண்டியின் பக்கவாட்டில் இருக்கிறது. சினிமாக்காரர்களுக்குத் தண்ணீர் லாரி வந்திருக்கும். எனக்கு மொபெட். ஊர்க் குழாயடியில் இரண்டு கேன் பிடித்து, ஒன்றைக் காலடியில் வைத்து, இன்னொன்றைப் பின்னால் கயிறு போட்டுக் கட்டி, கல்லும் முள்ளுமான வண்டித்தடத்தில் ஓட்டி வரவேண்டும். வந்தபிறகுதான் வேலையே ஆரம்பம். நிறைகேனைத் தோளுக்குத் தூக்கிப் புனலில் சாய்த்தால் பாதி தொட்டிக்குள் போகிறது, பாதி என் ஜாக்கெட்டுக்குள் போகிறது. முதல் நாள் குளிக்காமலேயே குளித்துவிட்டேன்.

பெங்களூரில் இருக்கும் மகன் பிரதீப்பிடம் போனில் சொன்னேன். ஒரு மோட்டாரை வரவழைத்துக் கொடுத்தான். குடிதண்ணீர் கேன் தலையில் குத்திவைத்து பட்டனை அமுக்குவார்களே, அந்தக் குட்டி மோட்டார்தான். அதன் மூக்கில் ஒரு டியூப்பைச் செருகித் தொட்டி வாயில் விட்டேன். ஏறுகிறது. கேரட் துருவி முடிப்பதற்குள் கால் கேன் ஏறும். இவர் பொள்ளாச்சியில் பைப்பும் மோட்டாரும் குதிரைசக்திக் கணக்கில் விற்கிறார். எனக்கு வாய்த்தது எலிசக்தி.

"வெளிநாட்டுல எல்லாம் காசு குடுத்து இப்படி வாழறாங்கம்மா. கேம்ப்பர் லைஃப்னு பேரு. என்ஜாய் பண்ணுங்க" என்றான் பிரதீப். வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இவர் வந்தார். ஓட்டல் பிரியாணியும் நாலு வாழைப்பழமும் கொண்டுவந்தார். வண்டியைச் சுற்றி வந்து டயரை ஒரு தட்டுத் தட்டினார். நிலத்தின் ஓரத்தில் நின்று இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தார். ராஜா மாதிரிதான் இருந்தது, மறுக்கவில்லை.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, நான் காலையில் கொண்டுவந்து இன்னும் ஏற்றாமல் வைத்திருந்த கேனைச் சாய்த்துக் காலைக் கழுவினார். முதலில் வலது கால். பிறகு இடது கால். பிறகு முகம். மிச்சத்தைச் செருப்பின் மேல் ஊற்றினார்.

கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தவேண்டும் போல் ஆத்திரம் வந்தது. பிரியாணியைப் பிரித்துத் தட்டில் போட்டேன்.

"ஏம்புள்ள, இளைச்சுட்ட மாதிரி இருக்குது" என்றார். "நல்லதுதான், டாக்டரு சொன்னதுதானே."

பிப்ரவரி 26, புதன்

இன்று கோகிலாமணி பேசினாள்.

கோகிலாமணி கொழுந்தனாரின் மனைவி, என் ஓரகத்தி. நான் இந்தக் குடும்பத்துக்கு வந்த அடுத்த வருடம் அவள் வந்தாள். கேஸ் போட்டதிலிருந்து பேச்சு இல்லை. அவர்கள் மக்காச்சோளம் என் வண்டிக்கு இருபது எட்டுத் தள்ளி இருக்கும் கம்பிவேலி வரைக்கும் நிற்கிறது. அவள் தண்ணீர் கட்ட வரும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், அவளும் திருப்பிக்கொள்வாள். இருவரும் ஒரே நேரத்தில் திருப்புவதால் யார் முதலில் திருப்பினார்கள் என்று தெரியாது.

இன்று கேனை மொபெட்டிலிருந்து இறக்கும்போது கயிறு அறுந்து, கேன் என் காலில் விழுந்தது. "அய்யோ" என்று கத்தியது நானில்லை.

"ஏனுங்க்கா, அடி பட்டுருச்சுங்களா?" வேலிக்கு அந்தப் பக்கம் மண்வெட்டியோடு நின்றாள்.

"இல்ல."

"இப்படி ஊருக்குள்ள இருந்து சொமக்கோணுங்களா? மோட்டாரு இங்கதான் ஓடுது. டியூப்ப வேலி மேல போட்டா உங்க தொட்டி நெறஞ்சுட்டுப் போகுது. அவருக்குத் தெரியவே தெரியாதுங்க்கா."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று சொன்னேன். ஐம்பத்தாறு வயதில் ஒரு டியூப் தண்ணீருக்கு யாரையோ கேட்டுச் சொல்கிறேன் என்கிறேன்.

பிப்ரவரி 27, வியாழன்

கேட்டேன். இவர் பதறிப்போய் வக்கீலையே போனில் இணைத்துவிட்டார்.

"அம்மா, ஒரு சொட்டு வாங்கிடாதீங்க" என்றார் வக்கீல். "கிணறு அவங்களுதுன்னு நாமளே மனுவில எழுதியிருக்கோம். அவங்க அனுமதி குடுத்து நீங்க தண்ணி எடுத்தீங்கன்னா, நாளைக்கு என்ன சொல்வாங்க? 'எங்க தயவுலதான் அங்க இருந்தாங்க, நாங்க சரின்னதாலதான் இருந்தாங்க'ன்னு சொல்வாங்க. அனுமதியோட இருக்கறவங்களுக்கு உரிமை கெடையாதும்மா. இத்தன நாள் நீங்க இருந்ததுக்கே அர்த்தமில்லாமப் போயிடும்."

நான் கோகிலாமணியிடம் போய் வேண்டாம் என்று சொன்னேன். காரணம் சொல்லவில்லை. அவள் முகம் சின்னதாகிவிட்டது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என்ன இருந்தாலும் அவளுக்கு என் மேல் கோபம் வந்தால் எனக்குத்தான் வலிக்கிறது. கால் வேறு வீங்கியிருக்கிறது.

மார்ச் 3, திங்கள்

ஞாயிற்றுக்கிழமை கோபியில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். இரண்டு நாள் நீங்கள் இங்கே வந்து இருங்கள், நான் போய்வருகிறேன் என்று கேட்டேன். முழங்கால், சர்க்கரை, கடை ஆகிய மூன்றையும் அந்த வரிசையிலேயே சொன்னார். "நான் போயிட்டு வர்றேன், ரெண்டு பேருக்கும் சேத்து மொய் வெச்சர்றேன்" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

இங்கேதான் இருந்தேன். முகூர்த்த நேரத்தில் இரண்டு கேன் ஏற்றினேன்.

மார்ச் 11, செவ்வாய்

இவர் கல்யாணத் தாம்பூலப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம். சாப்பாடு நன்றாக இருந்ததாம்.

"என்னைக் கேட்டாங்களா?"

"கேக்காம? பெங்களூருக்கு மகங்கிட்டப் போயிருக்கறான்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"பின்ன என்னன்னு சொல்றது? பொண்டாட்டியக் காட்டுல ஒரு வண்டிக்குள்ள வெச்சிருக்கறேன்னா?"

அவருக்கே அது கேட்கச் சரியில்லை போலிருக்கிறது. உடனே டயரைப் பார்க்கப் போய்விட்டார். அப்படியென்றால் நான் எங்கே இருக்கிறேன் என்று சொந்தத்தில் ஒருவருக்கும் தெரியாது. கோர்ட்டுக்கு மட்டும்தான் தெரியும். தங்கை இரண்டு நாளாக ஏன் போனை எடுக்கவில்லை என்பதும் புரிந்துவிட்டது. மகன் வீட்டில் ஜாலியாக இருந்துகொண்டு கல்யாணத்துக்கு வராத பெரியம்மா. நானாக இருந்தாலும் எடுக்கமாட்டேன்.

மார்ச் 20, வியாழன்

குழாயடியில் இப்போது தினமும் தண்ணீர் வருவதில்லை. ஊர் மோட்டார் புகைந்துவிட்டது என்கிறார்கள். வரும் அன்றைக்குக் குடங்கள் கோவில் வரைக்கும் நிற்கின்றன. என் கேன்களைப் பார்த்து ஒரு பெண், "கெணத்த வெச்சுட்டுக் கொழாய்க்கு வந்துட்டாங்க" என்றாள். "அது எங்க கெணறு இல்லீங்க" என்றேன். சொன்னபிறகுதான், வக்கீல் சொல்லிக்கொடுத்ததை எவ்வளவு சுத்தமாக ஒப்பிக்கிறேன் என்று தெரிந்தது.

ஒரு கேன்தான் கிடைத்தது. பாத்திரம் கழுவிய தண்ணீரில் கால் கழுவினேன்.

மார்ச் 27, வியாழன்

வெயில் கொளுத்துகிறது. வண்டி தகரம், உள்ளே இட்லி வேகும். உடம்பில் சூடு ஏறிவிட்டது. ஒன்றுக்குப் போனால் எரிகிறது. வெந்தயம் ஊறவைத்துத் தின்றேன். சூடுதான், வேறொன்றுமில்லை.

தண்ணீரை இப்போது கணக்காகக் குடிக்கப் பழகிவிட்டேன். மத்தியானத்துக்கு மேல் வாயை நனைப்பதோடு சரி. குடித்தால் போகவேண்டும், போனால் ஊற்றவேண்டும், ஊற்றினால் சுமக்கவேண்டும். குடிக்காவிட்டால் மூன்றும் மிச்சம். நானே கண்டுபிடித்தது. 

ஏப்ரல் 1, செவ்வாய்

சூடு இன்னும் இறங்கவில்லை. இடுப்புக்கு மேலே முதுகில் வலிக்கிறது. கேன் தூக்கியதாக இருக்கும். குழாய் வரவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

நல்ல மழை. தொட்டி நிறைந்தது.

ஏப்ரல் 4, வெள்ளி

இன்றும் மழை. தலைக்குக் குளித்தேன். புடவைகளையெல்லாம் துவைத்துக் காயப்போட்டேன். போட்டதும் காய்ந்தன, அவ்வளவு வெயில்.

ஏப்ரல் 7, திங்கள்

மழை. கூடவே ஒரு தூக்குப்போசி நிறைய மோரும் பெய்தது.

ஏப்ரல் 10, வியாழன்

இவர் வந்து டைரியைப் புரட்டினார்.

"மழையா? பொள்ளாச்சியில ஒரு தூறல் இல்லியே."

"மேட்டாங்காட்டுல பேஞ்சுது."

"அந்தச் சோளத்துக்குப் பேஞ்ச மாதிரித் தெரியலியே?"

"மழைகிட்டத்தான் கேக்கோணும்."

முறைத்தார். பிறகு யோசித்தார். "மழத்தண்ணியப் பிடிச்சு வெச்சோம்னா அது நம்ம தண்ணிதான். நல்லதுதான், இருக்கட்டும்" என்று சமாதானமாகிவிட்டார். கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்காமல் விடுவதில் இவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

காய்ச்சல்.

ஏப்ரல் 18, வெள்ளி

இரண்டு நாள் எழுதவில்லை. குளிர்காய்ச்சல், பல் கிடுகிடுத்தது. இவருக்குப் போன் செய்தேன். வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுச் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடு, ராத்திரி மட்டும் காலியாக இருக்கக்கூடாது என்றார். எழுந்து நிற்கவே முடியாதவள் எங்கே வண்டி பிடிப்பது.

மாத்திரை கிடைத்தது. கஞ்சி கிடைத்தது. நெற்றியில் ஈரத்துணி கிடைத்தது. மழையில் இவ்வளவும் வருமா என்று வக்கீல் கேட்டால் வரும் என்று சொல்வேன்.

"டாக்டரு இது நீர்க்கடுப்பு முத்துனதுன்னு சொல்றாருங்க்கா. தண்ணியே குடிக்கறதில்லியான்னு கேக்கறாரு" என்று ஒருவர் சொன்னார். அறிகுறிகளைத் தன்னுடையதாகச் சொல்லி ஊர் டாக்டரிடம் மாத்திரை வாங்கி வந்திருக்கிறார். அந்த ஒருவரின் பெயரை எழுதுவதற்கில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

இவரும் வக்கீலும் காரில் வந்தார்கள். கோர்ட் ஒரு கமிஷனரை நியமித்திருக்கிறதாம். அவரும் ஒரு வக்கீல்தான். நாளை மறுநாள் நேரில் வந்து நிலத்தைப் பார்த்து, யார் எப்படி இருக்கிறார்கள் என்று அறிக்கை கொடுப்பார். இரண்டு தரப்பும் இருக்கவேண்டும்.

"தண்ணிய பத்திக் கண்டிப்பா கேப்பாங்க. கொழாயடியிலருந்து கொண்டாரோம், மழையப் புடிச்சு வெக்கறோம். அவ்வளவுதாம்மா" என்று வக்கீல் பாடம் நடத்தினார். "இந்த அறிக்கை மட்டும் நல்லபடியா வந்துட்டா நமக்குக் கவலையே இல்ல. தீர்ப்பு வர்ற வரைக்கும் யாரும் உங்கள அசைக்க முடியாது."

"தீர்ப்பு எப்ப வருமுங்க?"

"சிவில் கேஸுங்களே. ரெண்டு வருஷம், மூணு வருஷம். அப்புறம் அப்பீல் வேற இருக்குது."

நான் இவரைப் பார்த்தேன். இவருக்கு இது புதுச் செய்தி இல்லை. வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடை கழிந்ததும் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று பிப்ரவரியில் என்னிடம் சொன்னவர்.

அவர்கள் போனபிறகு கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தேன். கேஸ் தோற்றால் நிலம் போய்விடும். ஜெயித்தால் நான் போய்விடுவேன். இதில் எதற்கு என்னைப் பாடம் படிக்கச் சொல்கிறார்கள்?

ஏப்ரல் 26, சனி

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

கமிஷனர் ஒரு பெண். முப்பது வயது இருக்கலாம். கறுப்புக் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து வந்தாள். கூட ஒரு சர்வேயர். இந்தப் பக்கம் இவரும் எங்கள் வக்கீலும். அந்தப் பக்கம் கொழுந்தனாரும் அவர்கள் வக்கீலும், பின்னால் முந்தானையைத் தோள்மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு கோகிலாமணியும். எல்லோரும் வண்டியைச் சுற்றி நின்றார்கள். டேப் பிடித்தார்கள், போட்டோ எடுத்தார்கள். கமிஷனர் உள்ளே ஏறி வந்து கட்டிலைப் பார்த்தாள், பல்பு வைத்த கண்ணாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

கீழே இறங்கியதும் கேட்டாள். "தண்ணிக்கு என்ன பண்றீங்கம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார். "கொழாயடியிலருந்து கொண்டார்றோமுங்க. மழத்தண்ணியும் புடிச்சு வெக்கறோம்."

"வர்ற வழியில குழாயப் பாத்தேன் சார். காஞ்சு கெடக்குது. ஏப்ரல்ல இங்க மழை பேஞ்சுதா?"

அவர்கள் வக்கீல் இதற்காகவே காத்திருந்தவர் போல முன்னால் வந்தார். "மேடம், தண்ணி எங்க கிணத்துலருந்து போயிருக்கு. எங்க கட்சிக்காரர் சம்சாரம் பாவம் பாத்துக் குடுத்திருக்காங்க. எங்க அனுமதியிலதான் அவங்க இங்க இருக்காங்க. அவங்களையே கேளுங்க." கொழுந்தனார் எப்படியோ கண்டுபிடித்திருக்கிறார். ஈரத்தடத்தைப் பார்த்திருப்பார். "சொல்லு கோகிலா" என்றார்.

கமிஷனர் அவளைப் பார்த்தாள். "நீங்க தண்ணி குடுத்தீங்களா?"

கோகிலாமணி என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இல்லீங்க. ஒரு சொட்டுக் குடுக்கலீங்க."

"ஏய்!" என்றார் கொழுந்தனார்.

"குடுக்கலீங்க. அக்காதான் கொழாயிலருந்து சொமந்தாங்க. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

இவர் முகத்தில் வெளிச்சம் வந்ததே, அதைச் சொல்லவேண்டும். எங்கள் வக்கீல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். எதிர்க்கட்சியே சாட்சி சொல்லிவிட்டது, இனி என்ன வேண்டும்?

புருஷன் பக்கத்தில் நிற்க, அவன் கேஸையே கவிழ்த்து, எனக்காகப் பொய் சொல்லிவிட்டாள். எனக்கு இந்த நிலம் வேண்டும் என்று அவளும் நினைத்துக்கொண்டாள். நெற்றியில் துணி போட்டவள், மோர் கொடுத்தவள், அவள்கூட என்னிடம் கேட்கவில்லை, அக்கா உங்களுக்கு என்ன வேண்டும் என்று. கமிஷனர் எழுத ஆரம்பித்தாள். அவள் பேனா நகர நகர மூன்று வருடம் என் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. வாயெல்லாம் காய்ந்துவிட்டது.

"அம்மணி, அவ சொல்றது பொய்" என்றேன் கமிஷனரிடம்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அவ கெணத்துத் தண்ணிதான். ஏப்ரல் மூணாந்தேதியிலருந்து. அவளா வந்து குடுக்கல. நான்தான் வேலிகிட்டப் போய் நின்னு, 'கோகிலா, முடியல, தண்ணி குடு'ன்னு கேட்டேன். குடுத்தா. டைரியில மழைன்னு எழுதியிருக்கறது அதுதான். எழுதிக்குங்க."

"ஏம்புள்ள, உனக்கென்ன பைத்தியமா?" என்றார் இவர்.

"அம்மா காய்ச்சல்ல இருந்தாங்க மேடம், நெதானமில்லாம..." என்று எங்கள் வக்கீல் ஆரம்பித்தார்.

"காய்ச்சல் போயிருச்சுங்க. இப்பத்தான் நெதானமா இருக்கறேன்."

கமிஷனர் பேனாவை நிறுத்தினாள். "நீங்க சொல்றதோட விளைவு தெரியுமாம்மா உங்களுக்கு?"

"தெரியுமுங்க. அதுக்குத்தான் சொல்றேன்."

எழுதினாள். படித்துக் காட்டினாள். கையெழுத்துப் போட்டேன். கொழுந்தனாரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மனைவி பொய் சொன்னதற்குத் திட்டுவதா, அண்ணி உண்மை சொன்னதற்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் துண்டை உதறி உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார்.

கோகிலாமணி மட்டும் கமிஷனரின் கார் கிளம்பும் சத்தத்தில் வேலியோரமாக வந்து நின்றாள். அழுதிருந்தாள். "ஏனுங்க்கா சொன்னீங்க? நான்தான் சமாளிச்சுட்டனே. இப்ப எங்க ஊட்டுக்காரரு என்ன கேப்பாரு?"

"ஊட்டுக்குப் போகோணும் கோகிலா. எனக்கு அதுதான் வேணும்."

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு மெல்லப் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். "அதைச் சொல்றதுக்கென்னங்க்கா" என்றாள். சொல்வதற்கென்ன. அவள் கேட்டது நியாயம்தான்.

எங்கள் வக்கீல் இவரைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். எல்லாம் போய்விடவில்லை, ஆட்சேபணை போடலாம், ஆனால் இந்த நேரத்தில் இடத்தை மட்டும் காலி பண்ணக்கூடாது, ஒரு ராத்திரிகூட ஆள் இல்லாமல் இருக்கக்கூடாது என்றார். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அதற்குள் புடவைகளைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டிருந்தேன்.

"நீங்க இருங்க" என்றேன் இவரிடம்.

"நானா? கடை?"

"கடைக்கு நான் போறேன். மோட்டாரப் பத்தி இப்ப எனக்குக் கொஞ்சம் தெரியும்."

மொபெட்டை இவருக்கு விட்டுவிட்டேன். வக்கீலின் காரில் ஏறவில்லை. ரோட்டுக்கு நடந்து வந்து பஸ் பிடித்தேன்.

ஏப்ரல் 29, செவ்வாய். பொள்ளாச்சி

வக்கீலுக்கு இனி இந்த டைரி வேண்டாம். எழுதிப் பழகிவிட்டது, எழுதுகிறேன்.

டாக்டரிடம் போனேன். திட்டினார். ஊசி போட்டார். தங்கைக்குப் போன் செய்து எங்கே இருந்தேன் என்று சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு மாமாவைத் திட்ட ஆரம்பித்து நிறுத்தவேயில்லை. கேட்கச் சுகமாக இருந்தது, நடுவில் தடுக்கவில்லை. கேஸ் என்னவாகும் என்று தெரியாது. தோற்றால் இவர் வாழ்நாள் முழுக்க என்னைச் சொல்லிக்காட்டுவார். அதைக் கேட்டுக்கொண்டு என் வீட்டில் என் கட்டிலில் படுத்திருப்பேன்.

மத்தியானம் இவர் போன் செய்தார். குரல் கரகரவென்று இருந்தது.

"கொழாயில தண்ணி வரல."

"வராதுங்க."

"தொட்டியில சுத்தமா இல்ல. வாய் கொப்புளிக்கக்கூட இல்ல. டேங்கர்காரனக் கூப்பிட்டா அந்தத் தடத்துல லாரி எறங்காதுங்கறான். நீ எப்படித்தான் பண்ணுன?"

மூன்று மாதத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார்.

"வேலிகிட்டப் போய் நில்லுங்க. கோகிலான்னு கூப்பிடுங்க. தண்ணி குடுன்னு கேளுங்க."

"நானா? ஆறுச்சாமி கெணத்துலயா? நான் எப்படிப் புள்ள கேக்கறது?"

"வாயாலதான்."

போனில் காற்றுச் சத்தம் கேட்டது, தூரத்தில் கிணற்று மோட்டார் ஓடும் சத்தமும் கேட்டது. வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன், வைக்கவில்லை. வேலிப் பக்கமாக நடக்கிறாரா, நின்ற இடத்திலேயே நிற்கிறாரா என்று இங்கிருந்து தெரியவில்லை.

"குடுப்பாளா?" என்றார்.

"கேட்டாக் குடுப்பா" என்றேன்.